ஆறாம் நம்பர் வீட்டுச் சுவர்

ஆனந்தமேரிக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்தில் ஒன்பது வீடு மாறியிருந்தாள். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. எல்லாம் மில்லைச் சுற்றியிருந்த சந்துகளில் வாடகைக்கு விட்டிருந்த கீற்றுக் கொட்டகைகள். ஐப்பசி பிறந்தால் முதலில் தண்ணீர் உள்ளே வரும், பின்னாலேயே சொந்தக்காரர் வருவார். கூரை மாற்றணும், காலி பண்ணு என்பார். அதனால் எந்த வீட்டிலும் அவள் தரையில் அடுப்புப் போட்டதில்லை. தூக்கிக்கொண்டு போகிற மண் அடுப்பு ஒன்றுதான் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டியில் கடைசியாக ஏறுவது அதுதான்.

இதற்காக அவளைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டிவிட முடியாது. வாய் அப்படி. மில்லில் நூல் சுற்றும் பகுதியில் அவள் பேச ஆரம்பித்தால் மேஸ்திரியே வேறு பக்கம் வேலை இருப்பது போல நழுவிவிடுவார். புருஷன் சகாயநாதன் அதே மில்லில் தறி ஓட்டுகிறவன். வீட்டுக்குள் அவன் பங்குப் பேச்சையும் அவளே பேசிவிடுவதால் அவனுக்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

நாள் முழுக்க ஆளை உறிஞ்சிய மில் வேலை போய், புதுச்சேரியில் எட்டு மணி நேரம்தான் என்று பிரெஞ்சு சர்க்கார் சட்டம் போட்ட வருஷம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. சாயங்காலம் சங்கு ஊதி வெளியே வந்தால் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோதுதான் மாதா கோயில் லூயிஸ் சாமியார் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். கடலோரம் உப்பளம் பேட்டையில் கோயிலுக்கு யாரோ எழுதிவைத்த மனைக்கட்டு ஒன்று கிடந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடும் கொடுக்க ஒரு தர்மவான் அகப்பட்டிருந்தார். கூலிக்குத்தான் வழியில்லை. பத்துக் குடும்பம் சேர்ந்து, மில் விட்டதும் வந்து, தாங்களே மண் சுமந்து கல் தூக்கிப் பத்து வீடு கட்டிக்கொள்வது. வாடகை கொடுத்த கையால் மாசா மாசம் கொஞ்சம் கட்டிவந்தால், நோத்தேர் என்கிற பிரெஞ்சுப் பத்திர அதிகாரி எழுதுகிற பத்திரத்தில் அவரவர் பேர் இருக்கும். வேதக்காரக் கிறிஸ்தவர்கள்தான் என்றில்லை, மில்லில் வேலை செய்கிற யாரும் வரலாம்.

இரண்டே சட்டம், பத்துக் குடும்பமும் உட்கார்ந்து போட்டது. எந்த வீடு யாருக்கு என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஓடு போட்டு முடிந்தபின் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பது. தன் வீட்டை மட்டும் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு அடுத்தவன் வீட்டில் ஒப்பேற்றிவிடக் கூடாதே. இரண்டாவது, வேலையில் எவர் ஏமாற்றினாலும் அவர் இடம் போய்விடும். வெளியே காத்திருக்கிற குடும்பம் உள்ளே வரும். காத்திருந்தவர்களில் முதல் ஆள் அம்மாவாசை என்கிற மூட்டை தூக்கி. தினமும் வந்து வேலியோரம் நின்று யாராவது தப்புப் பண்ணுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவான்.

கண்ணையன் என்ற கொத்தனாருக்கு மட்டும்தான் கூலி. மற்றதெல்லாம் இவர்கள் பாடு. மணல் பெண்கள் பொறுப்பு, நாளுக்கு இரண்டிரண்டு பேராக முறை வைத்து. வில்லியனூர் ஆற்று மணல் வண்டியில் வரும். அதைச் சலித்து, காலையில் கண்ணையன் வரும்போது குவித்து வைத்திருக்க வேண்டும். ஆனந்தமேரியும் சொர்ணமும் ஒரு முறைக்காரிகள். சொர்ணம் மில்லில் அவளுக்குப் பக்கத்து ராட்டை, வயதில் சின்னவள், மாரியம்மனைக் கும்பிடாமல் ஒரு கூடை தூக்கமாட்டாள்.

ஆறாம் நம்பர் வீட்டு உள்ளறை மேற்குச் சுவரில் பூச்சு வேலை தொடங்குவதற்கு முதல் நாள். தை மாசம். சொர்ணத்தின் குழந்தைக்கு ஜுரம் என்று ஆள் வந்தது.

"நீ போடி, நான் பாத்துக்கறேன்" என்று ஆனந்தமேரி அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து மணல் வண்டி அச்சு முறிந்து வழியிலேயே நின்றுவிட்டது. இருந்ததைச் சலித்துக் குவித்தால் பத்துக் கூடை குறைந்தது. கண்ணையன் காலையில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான், ஒருநாள் கூலி வீண், முறைக்காரி யார் என்று கேட்பான். கூப்பிடு தூரத்தில் கடல். அங்கே மணலுக்கா பஞ்சம்? இருட்டுவதற்குள் பத்துக் கூடை சுமந்து வந்து ஆற்று மணலோடு கலந்துவிட்டாள். கலக்கும்போது அவள் மனசில் ஓடியதையும் சொல்லிவிட வேண்டும். பத்தில் ஒரு வீடு, நமக்கா வரப்போகிறது என்றுதான் நினைத்தாள்.

கடல் மணல் கெடுதல் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு கெடுதல் என்று தெரியாது. அதையும் ஒரு மாசம் கழித்துக் கண்ணையனே வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சொன்னான். கடலோரத்தில் எவனோ சோம்பேறி கட்டிய வீட்டைப் பற்றிப் பேச்சு.

"கடல் மணல் போட்டா செவுரு ஜென்மத்துக்கும் காயாது. மழ வந்தா அழுவும். ரெண்டு வருசத்துல பூச்சு பொலபொலன்னு கொட்டிடும். உள்ள கொழந்த குட்டி படுக்க முடியுமா?"

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பத்துப் பேரில் யாரோ ஒருத்தி நெஞ்சுச் சளிக்காரப் பிள்ளையை அந்தச் சுவரோரம் படுக்கவைப்பாள். மண் அடுப்பை மூட்டும்போதெல்லாம் அதை மறுபடி வண்டியில் ஏற்றுவது போலவே தோன்றியது.

தவக்காலம் வந்தது. ஆனந்தமேரிக்கு வழி தெரிந்தது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, பலகைச் சல்லடைக்கு அந்தப் பக்கம் இருந்த லூயிஸ் சாமியாரிடம் கூடைக் கணக்கு முதற்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆண்டவர் மன்னிப்பாரும்மா. ஆனா கெட்டுப்போனத நேர்பண்ண வேண்டியது உன் பொறுப்பு" என்றார். அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் ஏறியது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வேலையை நடத்துகிறவரே அவர்தானே. ஏதாவது சாக்குச் சொல்லிக் கண்ணையனை விட்டுப் பூச்சைக் கொத்தவைத்துவிடுவார், நம் பேரும் வெளியே வராது, என்ன சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு இரண்டு ஜெபமாலையாகச் சொன்னாள்.

ஒரு வாரம் ஆயிற்று. சாமியார் வந்தார், ஐந்தாம் நம்பரைப் பார்த்தார், ஏழாம் நம்பரைப் பார்த்தார். ஆறாம் நம்பர் பக்கம் தலை திரும்பவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. அந்தச் சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள்.

"இந்தச் சாமிக்குக் காது கேக்காதா?" என்று வீட்டில் கரித்துக்கொட்டினாள். "ஒருத்தி பாவசங்கீர்த்தனத்துல வேலயப் பத்தி ஒண்ணு சொன்னா, அத என்னான்னு பாக்க வேணாமா?"

சகாயநாதன் அபூர்வமாக வாயைத் திறந்தான். "அதெப்படிப் பாப்பாரு? அங்க கேட்டத வெளிய சொல்லக் கூடாது மேரி. கழுத்த அறுத்தாலும் சொல்லக் கூடாது. கேட்டவரு மாதிரி நடந்துக்கவும் கூடாது. அவரு ஒரு செங்கல்லத் திருப்பி வச்சாக்கூடக் குத்தம்."

ஆனந்தமேரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். புதுச்சேரியில் வேறு எவரிடம் சொல்லியிருந்தாலும் மறுநாளே அந்தப் பூச்சு உதிர்ந்திருக்கும். ஒன்றும் செய்ய முடியாத ஒரே ஆளைத் தேடிப்போய்ச் சொல்லி, அவர் வாயையும் கையையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தாள். அவர் ஆறாம் நம்பரைப் பார்க்காமல் போனது செவிட்டுத்தனம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. தினமும் அந்தச் சுவரைச் சுமந்துகொண்டுதான் அவர் போயிருக்கிறார்.

பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாள் முடிந்த மறு ஞாயிறு சீட்டுக் குலுக்கல். மனைக்கட்டில் பூவரச மரத்தடியில் பித்தளைச் செம்பில் பத்துச் சீட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். வேலியோரம் அம்மாவாசை. சாமியார் ஜெபம் சொன்னார், முகம் வெளுத்திருந்தது. முதலில் சொர்ணத்தைக் கூப்பிட்டார். அவள் கண்ணை மூடி மாரியாத்தாளை முணுமுணுத்துக்கொண்டு செம்புக்குள் கை விட்டாள்.

"சொர்ணம், கைய எடு."

எல்லோரும் திரும்பினார்கள். ஆனந்தமேரி எழுந்து நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வாய் குழறியது.

"ஆறாம் நம்பர்ல கடல் மணல் கெடக்குது சாமி. நான்தான் கொண்டாந்து போட்டேன்."

"எந்தச் செவுரும்மா?" என்று சாமியார் கேட்டார், இதற்கு முன் கேள்வியே படாதவர் போல.

"உள்ளறை, மேக்காலச் செவுரு, சாமி" என்றாள், இதற்கு முன் சொல்லியே இராதவள் போல.

கண்ணையன் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சுவரைக் கரண்டியால் கீறி, தூளை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். "உப்புதான். நல்லவேள, அந்த ஒரு செவுருதான், அதுவும் பூச்சு மட்டுந்தான். கட்டு கெடல. கொத்தி எடுத்து, நல்ல தண்ணி விட்டுக் கழுவிப் பூசலாம்."

சாமியார் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சீட்டுச் செம்புக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து முழுக்கக் குடித்தார். "சட்டம் நீங்க போட்டது. நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஆனந்தமேரிக்கு மண் அடுப்புதான் கண்ணில் தெரிந்தது. பத்தாவது கொட்டகை எந்தச் சந்தில் கிடைக்கும் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

சொர்ணம்தான் பேசினாள். "அன்னிக்கு மொற எனக்குந்தான். எம் புள்ளைக்கு ஜொரம்னு அக்காதான் என்ன அனுப்பிச்சது. அக்காவ வெளிய அனுப்பறதா இருந்தா என்னயும் அனுப்புங்க. இல்லாட்டி அந்த ஆறாம் நம்பர அதுக்கே குடுங்க. போட்டது அதுதானே, அதுவே கொத்தி அதுவே பூசட்டும்."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் நம்பர் சீட்டு இனித் தன் கைக்கு வராது என்கிற சந்தோஷம் சிலர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தலைகள் ஆடின. சாமியார் வேலியைப் பார்த்து, "நீ என்ன சொல்ற அம்மாவாசை?" என்றார்.

"அந்த அழுவற செவுருதான எனக்கு வரும்? நீங்க அடுத்தது கட்டும்போது கூப்புடுங்க சாமி, நான் மொத ஆளா வர்றேன்" என்றான் அவன்.

பிறகு ஒன்பது சீட்டைத்தான் குலுக்கினார்கள். சொர்ணத்துக்கு ஏழாம் நம்பர் வந்தது.

ஆனந்தமேரி பதினைந்து நாள் சாயங்காலம் அந்தச் சுவரைக் கொத்தினாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. சகாயநாதன் தண்ணீர் சுமந்து செங்கல்லைக் கழுவினான். முதல் நாளே சொர்ணம் சொல்லாமல் கொள்ளாமல் கூடையோடு வந்து நின்றாள். மணல் வில்லியனூரிலிருந்து வந்தது. அது இறங்கும்வரை ஆனந்தமேரி வண்டிக்காரன் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கூடையிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பூச்சு முடிந்து காய்ந்த அன்றைக்கு, உள்ளே தரையைத் தோண்டி அடுப்புப் போட்டாள். மண் அடுப்பைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கோழிக்குத் தண்ணீர்ச் சட்டி வைத்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை. தண்ணீர் உள்ளே வரவில்லை. அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் ஒன்பது நாளும் அவள் அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட பத்தாம் நாள் லூயிஸ் சாமியார் வந்தார். நேரே உள்ளறைக்குப் போய், ஸ்டூல் இருந்தும் பாயில் உட்கார்ந்து, மேற்குச் சுவரில் முதுகு முழுக்கச் சாய்ந்துகொண்டார். காப்பி குடித்தார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மில் கதை, சொர்ணத்தின் பிள்ளை கதை என்று அரை மணி பேசிவிட்டு எழுந்தார்.

வாசல்வரை கூடப் போன ஆனந்தமேரி அவர் முதுகைத்தான் பார்த்தாள். வெள்ளை அங்கியில் ஈரம் ஒரு பொட்டுக்கூட இல்லை.