நர்ஸம்மா கைமேல் போட்ட பழி

நர்ஸம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஐந்து விரல்களையும் விரித்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் கரித்துணியில் கையைத் துடைத்தபடி நின்றிருந்த நானும் பார்த்தேன். கை நடுங்கவில்லை. கடத்தூர் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குழந்தைகளை வெளியே எடுத்த கை அது. அந்தக் கைமேல்தான் சற்று முன்பு நான் பழியைத் தூக்கிப் போட்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்த வேலை சொதப்பிவிட்டால் வண்டிக்காரரின் கையையோ காலையோ குறை சொல்லித் தப்பித்துக்கொள்வோம். கிளட்ச் சீக்கிரம் போனால், ‘கால எப்பவும் அதுமேலயே வெச்சிருக்கீங்க’ என்போம். பிரேக் போனால், ‘மிதிக்கிற விதம் சரியில்லீங்க’ என்போம். வண்டிக்காரருக்கு அதை மறுக்கத் தெரியாது. தன் கால் என்ன செய்கிறது என்று யார்தான் நாள் முழுக்கக் கவனிக்கிறார்கள்? முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிற நான் இதைக் கூசாமல் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே மறந்துபோய், பழையபடி வண்டி ஓட்டினார்கள். நர்ஸம்மா மட்டும் மறக்கவில்லை.

அவர் கிராமங்களுக்குச் சென்று பிரசவம் பார்த்த அரசாங்க நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் ஒரு டாக்டரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி இருக்கும், முட்டைக் கண் விளக்கு போட்ட பழைய மாடல். எங்கள் ஊரில் அப்போது கார் ஓட்டிய பெண் அவர் ஒருவர்தான். டீக்கடையில் கிண்டல் செய்யாத ஆளில்லை, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் கர்ப்பிணிப் பெண்கள் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். மேடு பள்ளம் பார்த்து, வயிற்றுப் பிள்ளை குலுங்காமல் ஓட்டுவார். பன்னிரண்டு வருடம் அந்த வண்டியைப் பார்த்த எனக்கு அவர் ஓட்டும் நேர்த்தி நன்றாகவே தெரியும்.

ஓர் ஆடி மாதம் ஸ்டார்ட்டர் மக்கர் செய்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். சாவியைத் திருப்பினால் ‘கர்ர்’ என்று அரைக்கும் சத்தம், இன்ஜின் சுற்றாது. ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றியுள்ள பற்களைப் பிடித்துத்தான் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றிவிடும். நாலு சிலிண்டர் இன்ஜினை நிறுத்தும்போதெல்லாம் இந்தச் சக்கரம் ஏறக்குறைய ஒரே இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த இரண்டு இடத்துப் பற்களே திரும்பத் திரும்ப அடி வாங்கித் தேயும். கையால் சுற்றிப் பார்த்தேன். அந்த இரண்டு இடமும் மழுங்கிப்போய் இருந்தன. வயதான வண்டிக்கு வருகிற தேய்மானம்தான், யார் மேலும் தவறில்லை. பிளைவீலையும் சேர்த்து மாற்றினால்தான் புது ஸ்டார்ட்டர் நிலைக்கும்.

ஆனால் பிளைவீலைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல் போகவேண்டிய வேன்கள் என் பட்டறை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் நின்றன. ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். புதுசு அல்லவா, தேய்ந்த பல்லையும் கொஞ்ச நாள் பிடித்துக்கொள்ளும். பெருக்கு முடிந்ததும் கூப்பிட்டு மீதியைச் செய்யலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. நர்ஸம்மாவிடம் பிளைவீல் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டே மாதத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புது ஸ்டார்ட்டரின் பற்கள் பொடிந்திருந்தன. பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். ‘புதுசு போட்டு ரெண்டு மாசங்கூட ஆவலியே தம்பி, என்னா ஆச்சு?’ என்று நர்ஸம்மா கேட்டார். குறையாகக் கூடக் கேட்கவில்லை. நாலு பேர் எதிரில் என் தவறு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வாய் பழக்கப்பட்ட பாதையில் போய்விட்டது.

‘நீங்க சாவிய ரொம்ப நேரம் புடிக்கிறீங்கம்மா. இன்ஜின் ஓட ஆரம்பிச்ச பொறவும் கை உடமாட்டேங்குது. அதான் பல்லு பூரா தின்னுடுச்சு.’

ஒருவர் சிரித்தார். ‘வயசாவுதில்ல’ என்றார் இன்னொருவர். நர்ஸம்மா சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அப்போதுதான் கையை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நோயாளியிடம் விசாரிக்கிற அதே குரலில் கேட்டார்: ‘இது எத்தன நாளா இருக்கும்னு ஒன்னால சொல்ல முடியுமா?’

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். ‘ஒரு ஆறு மாசமா இருக்குமுங்க’ என்றேன்.

மறுபடி ஒரு ஸ்டார்ட்டர் போட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அதன்பிறகு அந்தக் கார் வெளியே வரவில்லை. நர்ஸம்மா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அந்த வண்டி என்னிடம் திரும்பி வராது, குட்டு உடையாது என்ற நிம்மதி. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்தால் பைக்கை வேகமாக ஓட்டிப் போய்விடுவேன்.

நாலு வருடம் கழித்து, போன மாதம், வண்டி திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் நர்ஸம்மாவின் தங்கை மகன், ஓசூரில் வேலை பார்க்கிறார். மனைவியும் குழந்தையும் இங்கே நர்ஸம்மாவோடுதான் இருக்கிறார்கள். இப்போது பழைய கார் என்றால் இளைஞர்களுக்குத் தனி மோகம். பிளைவீல், ஸ்டார்ட்டர் இரண்டையும் நான் சொன்னபடி பெங்களூரில் தேடி வாங்கி வந்திருந்தார். கியர் பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, பழைய பிளைவீலைத் தரையில் வைத்தேன். அந்த இரண்டு இடங்களும் மழித்துவிட்டது மாதிரி இருந்தன. அவர் குனிந்து பார்த்துவிட்டு, ‘பாவம் பெரியம்மா, சாவியிலேருந்து கைய எடுக்கத் தெரியாம இப்பிடி ஆக்கிட்டாங்களே’ என்றார். நான் சொன்ன பொய் அந்த வீட்டில் நாலு வருடமாக உண்மையாகப் புழங்கியிருக்கிறது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். பிளைவீல் போல்ட்டுகளை எதிரெதிராக முறைப்படி முடுக்கி, கிளட்ச் பிளேட்டை நடுப்படுத்தி, இரண்டு நாளும் வேறு வண்டியைத் தொடவில்லை. சாவியைத் தொட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் கைதட்டினார். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை. ‘வூட்டுக்கு நானே கொண்டாந்து உடறேன்’ என்றேன்.

நர்ஸம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தது, தெரிந்தே மூடியது, நாலு பேர் எதிரில் புளுகியது, ஆறு மாதம் என்று கணக்குச் சொன்னது.

‘அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லியா?’

‘இல்லீங்கம்மா. ஒங்க கையாட்டம் பதமா ஓட்டற கைய நான் பாத்ததில்ல.’

காரைப் பார்த்தபடியே சொன்னார்: ‘தருமபுரில பெரிய டாக்டருகிட்டக்கூட போயிக் காட்டினேன்ப்பா. ஒண்ணுமே இல்லன்னாரு. நான் நம்பல. அவரு அஞ்சு நிமிசம் பாத்தவரு. நீ பன்னெண்டு வருசமா என் வண்டியப் பாத்தவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.’

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். ‘இனிமே ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துல ஒக்காந்து வரேன்’ என்றேன். என் பேச்சு எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

‘வண்டி கெடக்குது உடு’ என்றார். முற்றத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தண்ணீர்க் குவளையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. தங்கை மகனின் பெண். ‘இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என் கையிலதான் மொதல்ல குடுக்க வந்தாங்க. நான் வாங்கல. நழுவிடுச்சுன்னா என்னா பண்றது? அப்பறம் குளிப்பாட்டக் கூப்புட்டாங்க, போவல. ஒரு நாளு கூடத் தூக்குனதில்ல.’

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, ‘வாடா கண்ணு, பாட்டிகிட்ட வா’ என்றார்.

குழந்தை குவளையைக் கீழே வைத்தது. நீட்டிய கைகளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு எழுந்து உள்ளே ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டது.

‘பழக்கமில்லில்ல, அதான்’ என்று நர்ஸம்மா எனக்குச் சமாதானம் சொன்னார். கைகளை அவர் உடனே மடக்கிக்கொள்ளவில்லை.