வெடிக்காமல் வந்த வெள்ளிக்கிழமை

ஜமுனாமரத்தூரில் கோவிந்தனின் மெக்கானிக் ஷெட் எங்கே என்று கேட்டால், 2023 பிப்ரவரி வரை ஊரார் சொன்ன அடையாளம் ஒன்றுதான்: "அந்த வெடிக்கிற காரு நிக்கும் பாருங்க, அங்க." சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் கோவிந்தனுக்கு அது காலில் தைத்த முள்ளாகவே இருந்தது.

அவர் பிறந்தது 1963இல். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைத்த மலைக் குடும்பம். பதினேழு வயதில் ஒடுகத்தூரில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்து பதினொரு வருடம் வேலை செய்தார். 1991இல் மலைக்குத் திரும்பி, தகரக் கூரை போட்டுச் சொந்தமாகத் தொடங்கினார். ஜீப், டிராக்டர், பைக்கு என்று வந்துகொண்டிருந்த ஷெட்டுக்கு அந்தச் சிவப்புக் கார் 2004 ஜூன் மாதம் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. துணிக் கூரை. 1967இல் வெளிநாட்டில் செய்தது. ரேசுக்காகவே பிறந்தது போலத் தரையோடு தரையாக நிற்கும்.

வண்டிக்குச் சொந்தக்காரர் சனாவுல்லா பாய். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று மனைவி கனீஸ் ஃபாத்திமாவோடு இங்கே வந்து வீடு கட்டினார். ஊரைத் தாண்டினால் அறுநூறு மீட்டர் இறக்கம். இறக்கம் முடியும் இடத்தில் ஒரு புளியமரம். அங்கிருந்து முப்பது அடியில் அவர் வீட்டு இரும்புக் கேட். வீடு பலா மரங்களுக்குப் பின்னால் தள்ளி இருந்தது. சமையலறை அதற்கும் பின்னால்.

வெள்ளிக்கிழமைதோறும் பாய் ஜும்மா தொழுகைக்கு ஒடுகத்தூர் போய், மூன்றரை மணி வாக்கில் திரும்புவார். அவர் திரும்பிவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். புளியமரத்தடியில் 'டமார்' என்று ஒரு வெடி கேட்கும்.

முதல் வருடம் கோவிந்தன் மூன்று வாரம் அந்த வெடியைத் தேடினார். வெடி முன்னால் கார்புரேட்டரில் வருகிறதா, பின்னால் சைலன்சரில் வருகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. முன்னால் என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது பொறி நேரம் தவறி விழுகிறது. பின்னால் என்றால் எரியாத பெட்ரோல் வெளியே போகிறது, அல்லது இணைப்பு வழியாகக் காற்று உள்ளே புகுகிறது. இந்த வெடி பின்னால்தான். கோவிந்தன் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிளக்கை மாற்றினார். பொறி விழும் நேரத்தை விளக்கு வைத்துச் சரிபார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஷெட்டில் வண்டி ஒருநாளும் வெடிக்கவில்லை. கடைசியில் பாயின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் வந்தபோதுதான் அவர் கை சாவிக்குப் போனதைக் கண்டார்.

மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் செய்யும் பழக்கம் அது. உச்சியில் சாவியை அணைத்துவிட்டுக் கியரிலேயே இறங்குவார்கள். சக்கரம் எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் பெட்ரோலை இழுக்கும். கரண்ட் இல்லாததால் அது எரியாமல் சூடான சைலன்சருக்குள் போய்ச் சேரும். கீழே வந்து சாவியைத் திருப்பினால் முதல் பொறியில் அத்தனையும் ஒரே அடியாய் வெடிக்கும்.

"இன்னா பாய், நீங்களே தான் வெடிக்க வெக்கிறீங்களா? நான் மூணு வாரமா கார்புரேட்டர கழட்டிக் கழட்டி மாட்டிக்கினு இருக்கேன்."

பாய் சிரித்தார். "பழக்கமாயிடுச்சுப்பா."

"சொட்டு பெட்ரோலுக்கு ஆசப்பட்டா சைலன்சர் கிழியும். தோலு வித்த காசெல்லாம் இன்னாதான் பண்றீங்க?"

"உனக்கு வேல குடுக்கறேன்ல, வுடு."

பதினெட்டு வருடத்தில் நான்கு முறை சைலன்சரின் மடிப்பு கிழிந்தது. இரண்டு முறை இணைப்பில் இருந்த தகடு பிய்ந்தது. 2019இல் ஹாரன் கெட்டபோது, மாற்றித் தருகிறேன் என்றார் கோவிந்தன். "ஹாரன் எதுக்குப்பா, நம்ம வண்டி வர்றது ஊருக்கே தெரியுமே" என்றார் பாய். 2022 டிசம்பரில் எஞ்சினைத் திறந்தபோது மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு ஓரம் கருகி, ஒரு துண்டு இல்லாமல் இருந்தது. அந்த வால்வு கிடைக்க முப்பத்து நான்கு நாள் ஆயிற்று. இன்னும் ஒன்று கருகினால் எஞ்சினே போய்விடும்.

அதே சமயம்தான் டீக்கடையில் பஸ் டிரைவர் வெற்றிச்செல்வன் கிண்டலடித்தான். "இன்னா கோவிந்தண்ணே, பதினெட்டு வருஷமா ஒரு வெடிய நிறுத்த முடியல. உங்கள நம்பி என் பைக்க எப்படி வுடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 9, வியாழக்கிழமை, பாயிடம் சொல்லாமலே அந்த வேலையைச் செய்தார். சொன்னால் வேண்டாம் என்பார். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் வயரை இழுத்து ஹேண்ட் பிரேக்கோடு சேர்த்தார். இனி ஹேண்ட் பிரேக்கை இழுத்தால்தான் சாவி எஞ்சினை அணைக்கும். ஓடும்போது சாவியை எத்தனை முறை திருப்பினாலும் கரண்ட் நிற்காது; பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும்; வெடிக்காது. தன் வாழ்நாளிலேயே சுத்தமான வேலை இதுதான் என்று அன்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை நான்கு இருபத்தைந்துக்குத் தழை ஒடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த திரௌபதி, கேட்டுக்கு வெளியே காரில் பாய் தலை சாய்ந்து கிடப்பதைப் பார்த்துக் கத்தினாள். கோவிந்தன் போய்ச் சேர்ந்தபோது பாயை உள்ளே தூக்கிப் போயிருந்தார்கள். இதயம் நின்று அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். செல்போன் சட்டைப் பையில் இருந்தது. கேட் பக்கம் சிக்னல் கிடையாது.

வண்டி மட்டும் அப்படியே நின்றது. சாவி அணைந்திருந்தது. பானெட்டில் கை வைத்த பிறகுதான் எஞ்சின் ஓடுவது கோவிந்தனுக்குத் தெரிந்தது. அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். நின்றது. அந்தத் துக்கத்திலும் மனசின் ஒரு மூலை தன் வேலை பலித்ததைக் குறித்துக்கொண்டது. பிறகு யாரைப் பார்த்தாலும் சொன்னார்: "கடைசி நாள்ல பாயோட வண்டி ஒரு சத்தம் போடல."

புளியமரத்தடியில் ஆடு மேய்த்த கருப்பன் அன்றே ஒன்று சொல்லியிருந்தான். "பாய் ஒரு தரம் எறங்கி வந்தாரு. வண்டியத் திருப்பிக்கினு மறுபடி மேல போனாரு. திரும்பவும் எறங்கி வந்து கேட்டாண்ட நின்னாரு. நான் ஆட்ட ஓட்டிக்கினு போய்ட்டேன்." கடையில் எதையோ மறந்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோவிந்தனும் அப்படித்தான் நினைத்தார்.

செப்டம்பர் 13ஆம் தேதி கனீஸ் ஃபாத்திமா ஆள் அனுப்பினார்.

"சனிக்கிழம கார வாங்கிக்கினு போக பெங்களூர்லருந்து வர்றாங்க, கோவிந்தா. தானிஷ் பேசி முடிச்சுட்டான். ஓடற மாதிரி பண்ணிக் குடு." தானிஷ் அவர்களின் ஒரே மகன்.

கோவிந்தன் பேட்டரி மாற்றினார். பழைய பெட்ரோலை வடித்துப் புதியது ஊற்றினார். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது. கனீஸ் அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெடிக்கலையே."

"இனிமே வெடிக்காதுமா."

"அன்னைக்கும் வெடிக்கல." அவர் படியில் உட்கார்ந்தார். கோவிந்தன் எஞ்சினை அணைத்தார்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் டீய அடுப்புல வெச்சுட்டு கேட்டத் தொறக்க வருவேன். கல்யாணமான புதுசுல வாணியம்பாடி வூட்ல மாமியாரு, நாத்தனாருங்க எல்லாம் இருப்பாங்க. பேரச் சொல்லிக் கூப்பிட முடியுமா? தெருமுனையில இதே வண்டியில ஒரு வெடி வெப்பாரு. நான் மாடி ஜன்னலுக்கு வந்துடுவேன். நாப்பத்தொரு வருஷம் அப்படித்தான்."

கோவிந்தன் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அன்னைக்குக் காலையில சண்ட. தானிஷ்கிட்டப் போயிடலாம்னேன், மலைய வுட்டு வரமாட்டேன்னாரு. சொல்லக் கூடாத ஒண்ணச் சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் சத்தம் குடுக்காம வந்து வெளியவே உக்காந்துட்டாரு. நான் உள்ள இருந்து, ஏன் இன்னும் வரலன்னு கடிகாரத்தப் பாத்துக்கினு இருக்கேன். ஏழு மாசமா இதுதான். உனக்குத்தான் அந்த வண்டி தெரியும். நீ சொல்லு. வேணும்னேதான வெடிக்காம வந்தாரு?"

பிளக் நனைந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்க்க இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. ஆனால் பிளக் நனைந்தால் வண்டி ஓடாது; இது கேட் வரை ஓடி வந்திருக்கிறது. அம்மா அதையும் ஒருநாள் யோசிப்பார். யோசித்து முடித்தபின் பாயின் கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

"அவரு இல்லமா. நான்."

கார்க் கதவைத் திறந்து மஞ்சள் வயரை இழுத்துக் காட்டினார். வியாழக்கிழமை செய்த வேலையை ஒன்று விடாமல் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"அவரு சாவிய அணைச்சிருக்காருமா. என் வயரு கரண்ட நிறுத்த வுடல. வெடிக்கலன்னதும் மேல போய்ட்டு மறுபடி எறங்கி வந்திருக்காரு. கருப்பன் பாத்திருக்கான். அன்னைக்கே சொன்னான். எனக்குத்தான் புரியல."

"ரெண்டு தரமா?"

"ரெண்டு தரம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப கோவம் இல்ல."

"இல்லமா."

"ஹாரனும் இல்ல அதுல."

"இல்லமா."

அவர் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "இன்னைக்குப் போ, கோவிந்தா" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். கோவிந்தன் ஸ்பேனர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் வந்து ஹாரன் மாட்டினார். யாரும் கேட்கவில்லை. வயரைக் கழற்றிவிடட்டுமா என்று கதவருகில் நின்று கேட்டார். "இருக்கட்டும். வாங்கறவங்க வண்டிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்ற பதில் உள்ளேயிருந்து வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெங்களூர்க்காரர் வந்தார். கோவிந்தன் வயர் எதற்கு என்று விளக்கி, இறக்கத்தில் சாவியை அணைத்தால் என்னென்ன கருகும், என்னென்ன கிழியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாரனை ஒருமுறை அடித்துக் காட்டினார். வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

கார் புளியமரத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, சத்தமே இல்லாமல் மறைந்தது. கோவிந்தன் கேட்டை இழுத்துச் சாத்தப் போனார்.

"மூடாத, கோவிந்தா" என்று பலா மரத்தடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அது தொறந்தே இருக்கட்டும்."