சேனாபதி சமன் செய்த பள்ளம்

சும்மா கிடக்கும் நிலத்தைக் கண்டால் சேனாபதிக்குக் கை துறுதுறுக்கும். பெருந்துறைப் பக்கத்துப் பழக்கம். அமெரிக்கா வந்தும் விடவில்லை. சான் ரமோன் அலுவலகத்தில் கணினி முன் குந்திச் சம்பாதித்ததையெல்லாம் கொண்டுபோய், லிவர்மோருக்குக் கிழக்கே, காய்ந்த புல் மண்டிய மலைச்சரிவு ஒன்றில் போட்டார். ஷேர் வாங்கிய சிநேகிதர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் போர் போட்டார், சொட்டுநீர்க் குழாய் இழுத்தார், ஆலிவ் நட்டார். மரம் காய்த்ததும் சிரித்தவர்களே குடும்பத்தோடு வந்து நிழலில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

"எல்லாம் வான்மதிக்குத்தானுங்க" என்பார் வந்தவர்களிடம். வான்மதி ஒரே மகள். சுற்றுச்சூழல் படித்தவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள்.

அந்தப் பூமியின் கீழ்க்கோடியில் ஒரு பள்ளம் இருந்தது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், கோடையில் வெடித்த மண். ஒரு பிப்ரவரியில் வான்மதி அவரை அங்கே இழுத்துப்போய், கலங்கல் தண்ணீரில் விரல் நீளத்துக்கு நெளிந்த குஞ்சுகளைக் காட்டினாள். சாலமாண்டர், பல்லிபோல் உடம்பும் தவளைபோல் தோலுமாக வளருகிற உயிர். இந்த மாதிரிக் குட்டைகளை விட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை, மூடினால் சட்டப்படி குற்றம் என்றாள். அவரும் குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

பார்த்தது வீண்போகவில்லை. மறுவருஷம் அவர் குடியிருந்த ஊரின் நகரசபைத் தேர்தலில் நின்றபோது, மலையையும் குட்டையையும் காப்பேன் என்பதுதான் அவர் பேச்சு. மகள் சொல்லிக்கொடுத்தது, வார்த்தை பிசகாமல் பேசினார். வெள்ளைக்காரக் கிழவிகள் கண் கலங்கினார்கள். ஜெயித்தார். நாற்காலியும் நிலமும் சேர்ந்த மனுஷனுக்கு நடை மாறும், இவருக்கும் மாறியது. கோவிலுக்குப் போனால் முதலில் யார் கும்பிடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஊரிலிருந்து மைத்துனன் பசுபதி வந்தான். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பசுபதி கீழ்க்கோடியில் நின்றுவிட்டான்.

"ஏனுங் மாமா, பூமிய இப்படிப் பள்ளமா விட்டு வெச்சிருக்கீங்க? நம்மூர்ல பாத்தா பண்ணயம் பண்ணத் தெரியாதவன்னு சொல்லிப்போடுவாங்க."

ஓட்டுப் போட்ட ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாலும் சேனாபதிக்கு உறைத்திருக்காது. பசுபதி சொன்னது தைத்துவிட்டது. மழைக்கு முன்னால் புல்டோசர் வந்தது. பள்ளம் இருந்த இடம் கேரம் பலகைபோல் ஆயிற்று. சட்டமெல்லாம் காண்ட்ராக்டர்களுக்கு, நிலத்தைத் திருத்துகிற விவசாயிக்கு இல்லை என்று அவர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அதோடு நின்றாரா? முன்னே, பின்னே என்று இரண்டு படங்களைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல் குவிந்தது. எந்தப் பங்காளியின் கை அரித்ததோ, ஒரே வாரத்தில் படம் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

வனவிலங்குத் துறை நோட்டீஸ் அனுப்பியது. பதவியை ராஜினாமா செய்தார். அதற்காக அவர் வருந்தவில்லை. பூமிதான் கதியாக இருந்தது. தெரிந்தே மூடியதாக ஆனால் விழுகிற அபராதத்தில் பூமி மிஞ்சாது என்றார் வக்கீல். தெரியாமல் செய்ததாக இருந்தால் பள்ளத்தைத் திரும்பத் தோண்டிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம்.

விசாரணை நாளில் வான்மதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தண்ணீரில் ஏதாவது உயிர் இருந்தது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். சேனாபதி திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியம் செய்த வாயோடு, "தெரியாது. மேடையில பேசுன குட்டை வேற, இது சும்மா சேத்துப் பள்ளம்னு நெனச்சேன்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி நாகமணியும் ஆமாம் என்று தலையாட்டினாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகள் அவர் கதையை முடித்திருக்கலாம். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பூமி தப்பியது.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு அவள் வந்தாள். சாப்பாடு முடிந்ததும் சேனாபதி, பூமியை அவள் பேருக்கு இப்போதே மாற்றிவிடலாம் என்று பேச்செடுத்தார். குரலில் கெஞ்சல் இருந்தது. அவரிடம் அதுவரை யாரும் கேட்காத குரல்.

வான்மதி வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் சொன்னாள், தட்டுத்தடுமாறி. "நீங்க பொய் சொல்லி வெச்சுக்கிட்டது எனக்கு வேண்டாம்ப்பா. அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. அதுவே எனக்குத் தாங்க முடியல."

அவள் கார் ஃப்ரீவே பக்கம் திரும்பும்வரை அவர் வாசலில் நின்றார்.

"சின்னப் புள்ளைல்ல, கோவம். போகப் போக வாங்கிக்குவா" என்றார் உள்ளே வந்து.

நாகமணி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க மாட்டாளுங்க" என்றாள். "அவளையும் நம்ம பொய்க்குக் கூட்டாளியாக்கிப் போட்டோம்."

சனிக்கிழமை விடிந்ததும் சேனாபதி கிளம்பி, மரங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனார்.