இருபத்திரண்டு என்பதோடு நிறுத்திவிட்டேன்

மாணிக்கம் அண்ணனின் வலது கண்ணைப் பறித்தவன் நான். துப்பாக்கி அல்ல... நான்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சொல்லும்போதுகூட எனக்கு எதுவும் வலிக்கவில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு துப்பாக்கி கிளப்பில் தோட்டா எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. துப்பாக்கிகளைத் துடைத்து, உறுப்பினர்கள் வருமுன் ஒருமுறை சுட்டுப் பார்ப்பது அண்ணனின் வேலை. ஆஸ்டின் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. அவருக்கு எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்புவரை படித்திருந்தேன். அதனால் என்னை 'பீயூசி' என்றுதான் கூப்பிடுவார்.

துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் தோட்டா அளவையும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றென்றால் மட்டுமே தோட்டாவைக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று காலை ஓர் உறுப்பினரின் புது ரைஃபிள் வந்திருந்தது. குழலில் இருபத்திரண்டு. பெட்டியிலும் இருபத்திரண்டு. அதற்குப் பின் குழலில் 'மேக்னம்' என்று இருந்தது. பெட்டியில் அந்தச் சொல் இல்லை. பார்த்தேன்... பார்த்தும் விட்டுவிட்டேன்! அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தால், படித்தவன் என்ற பெயர் போய்விடுமே?

தோட்டாவை உள்ளே விட்ட அண்ணன் தயங்கினார்.

"ஏம்ப்பா பீயூசி, லொடலொடன்னு இருக்குதே. சரியா பாத்தியா?"

"படிக்கத் தெரிஞ்சது உங்களுக்கா, எனக்கா?" என்றேன்.

சிரித்தார். "சரி சாமி, நீ சொன்னா கரெக்டுதான்."

சுட்டார்.

அந்த ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை, 'மேக்னம்' என்ற வேறொரு பெரிய தோட்டாவுக்கானது. எங்கள் சிறிய தோட்டாவின் மெல்லிய பித்தளைக் கூடு அதற்குள் உப்பிப் பிளந்தது. சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாகவே சீறி வந்தன. பாதுகாப்புக் கண்ணாடி உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

நான் செய்தது இத்தோடு முடிந்திருந்தால்...

கிளப் செயலாளர் விபத்து அறிக்கை கேட்டார். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஊழியன் நான் ஒருவன்தான். 'சரியாகத் துடைக்காததால் விபத்து' என்று எழுதினேன். கண்கட்டோடு வந்த அண்ணனிடம் தாளை நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கைநாட்டு வைத்தார்! மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

நேற்று அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தார். மீதிக் கண்ணுக்கான சொட்டு மருந்துப் புட்டியை நீட்டினார்.

"எத்தினி சொட்டுன்னு பாத்துச் சொல்லு பீயூசி. நீ படிச்சாதான் எனக்கு நம்பிக்கை."

எத்தனை சொட்டு என்பதில் தொடங்கி, அடியிலிருந்த பொடி எழுத்துவரை படித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

"அட, இவ்ளோ சின்ன எழுத்தெல்லாம் எதுக்குப்பா?" என்று சிரித்தார்.

மூன்றாம் முறையாகப் படிக்கத் தொடங்கினேன்...