சிவப்பு அட்டை மாட்டிய சீட்

என் நாத்தனார் விமானத்துக்கு சீட் தைக்கிறாள். இதைச் சொல்லும்போது எனக்கு வாய் கசக்கிறது. கசக்காத மாதிரி எழுதினால் அது பொய்.

நானும் சீட் தைக்கிறவள்தான். ஹட்டனில் குஷன் கடை வைத்திருக்கிறேன். த்ரீவீல், வேன், எப்போதாவது ஒரு பஸ். கடை திறந்த புதிதில் ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். "சீட்டுல உக்காரப் போறது நீங்க, தைக்கிறது நான், இதுல ஆம்பளை எதுக்கு?" என்பேன். ஒரு முறை தைக்கக் கொடுத்தவர்கள் அடுத்த வேலைக்கும் என்னிடமே வந்தார்கள். என் தையல் பிரியாது.

பிரியாததற்குக் காரணம் என் விரல். தைத்து முடித்ததும் ஆள்காட்டி விரலைத் தையலுக்கு அடியில் கொக்கி மாதிரி விட்டு இழுப்பேன். நூல் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாலும் பிளேடை எடுத்து முழுவதையும் பிரித்துத் தரையில் எறிவேன். "அது விரலா, குறடா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, கடைப் பக்கம் அதிகம் வரமாட்டார்.

நாத்தனார் அவருடைய தங்கை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பிடிக்காமல் என் கடைக்கு வந்தாள். நேராக ஒரு கோடு அடிக்க வராது. வளைவில் துணி சுருங்கிவிடும். அவள் தைத்த சீட்டைத்தான் நான் அதிகம் தரையில் எறிந்திருக்கிறேன். ஒரு நாள் அப்படி எறிந்தபோது, குனிந்து எடுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கொழும்புப் பக்கம் ஏதோ ஆடை ஃபெக்டரியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கிருந்து வேறு ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறாள். அந்தப் பட்டறைக்குத்தான் விமானப்படை வேலை வந்தது.

போன தீபாவளிக்கு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதையெல்லாம் சொன்னாள். விமானப்படையிடம் சாமான் ஏற்றுகிற பெரிய விமானங்கள் இருக்கின்றன. எல்லாம் பழசு. அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து, தோலை உரித்த மாதிரி எல்லாவற்றையும் கழற்றி, புதிதாக்குகிறார்கள். புது எஞ்சின். முள் ஆடுகிற பழைய மீட்டர்களுக்குப் பதிலாக டீவி மாதிரி திரை. தரையில் சாமானைக் கட்ட புதுக் கொக்கிகள். இரண்டு பக்கச் சுவர் ஓரமும் ஆட்கள் உட்கார நாடா பின்னிய சீட். அந்த சீட்டை இவள் தைக்கிறாள்.

"மழையில நம்ம ரோடெல்லாம் உடைஞ்சு கெடந்துச்சே மதினி, அப்ப வந்த அரிசி, பாய், மருந்தெல்லாம் கீழ கொழும்புப் பக்கம் வரைக்கும் இந்த மாதிரி பிளேன்லதான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஹெலிகொப்டர்ல மேல கொண்டு வந்தாங்க" என்றாள்.

"அரிசி சீட்டுலயா உக்காந்து வந்துச்சு?" என்றேன்.

என் மகள் அத்தையின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு என் கடையில் தைக்கிறாள். கை சுத்தமான கை. ஆனால் நான் பேசினால் மிஷினைப் பார்ப்பாள். அத்தை பேசினால் அத்தையின் வாயைப் பார்க்கிறாள்.

"அத்தே, அதுல கக்கூஸ் இருக்கா?"

"இருக்கு. ஒரு திரைதான் மறைப்பு. அந்தத் திரையும் நான் தச்சதுதான்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கக்கூஸ் திரை தைத்ததற்கு இவ்வளவு பெருமை. நான் பஸ்ஸுக்கு முழு சீட் தைத்து அனுப்பியபோது என் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்குப் பொறாமை. மறைக்க மாட்டேன். எனக்கு வயதாகாத காலத்திலேயே பறந்துகொண்டிருந்த விமானம் அது. அதைப் பழசு என்று தூக்கிப் போடாமல் புது எஞ்சின் வைக்கிறார்கள். என் முழங்கால் மிஷின் மிதித்து மிதித்துப் போய்விட்டது. எனக்கு யார் என்ன புதிதாக வைத்தார்கள்? இன்னொன்று. அவள் ஒரு தடவையாவது, "மதினி, நீங்களும் வாங்க, உங்க கைக்கு அங்க வேலை இருக்கு" என்று கேட்டிருக்கலாம். நான் போகமாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

என்னைக் கேட்கவில்லை. என் மகளைக் கேட்டாள். பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்களாம், பொங்கலுக்கு முன்னால் வந்தால் சேர்த்து விடுவாளாம். நாத்தனார் கொழும்புப் பக்கம் திரும்பிப் போனதும் மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, நான் அத்தைகூடப் போறேன்."

"போய்?"

"பிளேன் சீட்டு தைக்கப் போறேன்."

"அவ தச்ச சீட்டுல பூனை உக்காந்தாக்கூட கிழிஞ்சிரும். அவகிட்டயா போற?"

"நீ எப்பம்மா பாத்த? அவங்க இப்பத் தைக்கிறத நீ பாக்கவே இல்லையே."

அது உண்மைதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. அந்த மாதம் விமானத்தளத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள், புதிதாக்கிய விமானத்துக்குள் ஏறிப் பார்க்கலாம் என்று நாத்தனார் எங்களையும் கூப்பிட்டிருந்தாள். போகக்கூடாது என்று இருந்தேன். இப்போது போவோம் என்றேன்.

"ஒரே ஒரு தையல் பிசகு நான் கண்டுபிடிச்சாலும் நீ போகக் கூடாது. கண்டுபிடிக்கலன்னா நானே உன்னை ரயில் ஏத்தி விடுறேன். சரியா?"

மகள் யோசிக்கவே இல்லை. "சரி" என்றாள். அத்தை மீது அவ்வளவு நம்பிக்கை.

ஹட்டனில் ரயில் ஏறி மலையிலிருந்து கீழே போனோம். தளத்தில் ஒரே வெயில், ஒரே கூட்டம். நாத்தனார் வாசலில் நின்று கூட்டிப் போனாள். விமானத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. தேயிலை ஃபெக்டரியைப் படுக்க வைத்து இறக்கை வைத்த மாதிரி இருந்தது. பின்பக்கம் கதவு கீழே இறங்கி, லொறி ஏறுகிற மாதிரி சரிவாகக் கிடந்தது. அதில் நடந்து ஏறினோம். உள்ளே புது வார்னிஷ் வாசனை. சுவர் ஓரமெல்லாம் கரும்பச்சை சீட் வரிசை. மகள் ஓடிப் போய் ஒன்றில் உட்கார்ந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். நான் உட்காரவில்லை. விரலை விட்டேன்.

முதல் சீட், இழுத்தேன். இரும்பு மாதிரி இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கோடு நேராக, மூலையில் திரும்புகிற இடத்தில்கூட ஒரே அளவாகப் போயிருந்தது. என் கடையில் வளைவு வராமல் அழுத கை இதைத் தைத்ததா? எனக்கு நெஞ்சு எரிந்தது. பக்கத்தில் நின்ற விமானப்படைப் பையன், "அல்லன்ன எபா, அக்கே" என்றான். தொடாதீர்கள் என்கிறான். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி அடுத்த சீட்டுக்குப் போனேன்.

"மதினி, இன்னும் இழுக்கிறத விடலையா நீங்க?" என்று நாத்தனார் சிரித்தாள்.

வரிசை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீட். நாடா சீட் சட்டத்தின் குழாயைச் சுற்றி உள்பக்கம் மடிகிற இடத்தில் விரலை விட்டேன். நூல் விட்டுக் கொடுத்தது. குனிந்து பார்த்தேன். ஊசி ஓர் இடத்தில் துணியைப் பிடிக்காமல் தாவிப் போயிருந்தது. பக்கத்திலேயே சின்னத் துணியில் தைத்தவரின் இலக்கம் இருந்தது.

"ஏ, இங்க வா! இது யார் நம்பர்?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் கேட்டேன். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அவள் வந்து முழங்காலிட்டு, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "என்னோடதுதான். தாவியிருக்கு மதினி" என்றாள்.

நான் மகளைப் பார்த்தேன். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இனி நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பேசுங்கள் மதினி, மானம் போகிறது என்று கெஞ்சுவாள் என நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் எழுந்து நேராகப் போய் அங்கே நின்ற விமானப்படைப் பெரிய ஐயாவைக் கூட்டி வந்தாள். தான் தைத்த சீட்டில் பிழை இருக்கிறது என்று அவளே சிங்களத்தில் சொன்னாள். கண்டுபிடித்தது என் அண்ணி என்று என்னையும் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். பையிலிருந்து கயிறு கட்டிய ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, ஏதோ எழுதி, அந்த சீட்டில் மாட்டினார். குரலை உயர்த்தவில்லை. "ஸ்துதியி, நங்கி" என்று அவளுக்கு நன்றி சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஏதோ சொல்லப் போகிறார் என்று சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"அல்லன்ன எபா, அக்கே" என்றார்.

கண்டுபிடித்தது நான். நன்றி அவளுக்கு. பிழையும் அவளுடையதுதான்! பிழை செய்ததற்கு ஒருத்திக்கு மரியாதை கிடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பிழையே இல்லாமல் இத்தனை காலம் தைத்த எனக்கு யார் கொடுத்தார்கள்?

வெளியே வந்து, "இப்ப உன் வேலை போயிருமா?" என்று கேட்டேன். போகட்டும் என்று கேட்கவில்லை. போகாது என்று சொன்னால் இன்னும் எரியும், அது தெரிந்தும் கேட்டேன்.

"மறைச்சாத்தான் போகும் மதினி. சொல்லிட்டா, பிரிச்சு மறுபடி தைக்கச் சொல்லுவாங்க. ஊசி மழுங்கியிருந்துச்சா, நூல் சரியில்லையான்னு பாப்பாங்க. இதப் பார்க்காம விட்டவங்களையும் கேப்பாங்க." பிறகு, "உங்க கடையில உங்க விரலப் பாத்தாலே எனக்கு முதுகு வேர்த்துரும். வேர்த்தா கோடு எங்க நேரா போகும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரயிலில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். "நீ ஜெயிச்சிட்டம்மா. நான் போகல" என்றாள். அவ்வளவுதான். வடை வாங்கிக் கொடுத்தேன். வாங்கி அப்படியே அப்பாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு வடையையும் தின்றுவிட்டு, "நல்ல பிளேன்" என்றார். அவரை அங்கேயே இறக்கி விடலாம் போல இருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாளே கடைக்கு வந்து தைத்தாள். ஆனால் இரண்டொரு நாளில் ஒரு புது வேலை ஆரம்பித்தாள். தான் தைத்ததில் கோணல் இருந்தால், நான் விரலை விடுவதற்கு முன்பே அந்த இடத்தில் சிவப்பு ரெக்ஸின் துண்டு ஒன்றைக் கட்டி வைத்துவிடுவாள். சீட் எடுக்க வந்த த்ரீவீல்காரர் அதைப் பார்த்தார்.

"என்னக்கா, சாமிக்கு நேந்து கட்டினதா?"

"இல்லண்ணே, அந்த எடத்துல பிசகு. மத்தியானத்துக்குள்ள பிரிச்சுத் தச்சுத் தாறேன்" என்றாள் மகள்.

"பிசகுன்னு அவங்களே கொடி கட்டுற கடைய இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

அவர் போனதும் துண்டைப் பிய்த்து எறிந்தேன். "கடை மானத்த வாங்குறியா?" என்று கத்தினேன். அவள் அடுத்த நாளும் கட்டினாள். நான் பிய்க்க, அவள் கட்ட, இப்படியே போனது. இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு தடவை பார்த்தது. இங்கே என்னோடு வளர்ந்தவள், என்னிடமிருந்து ஒன்றையும் இப்படி ஆசையாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். ஒரு வேன் சீட்டில் சிவப்புத் துண்டு தொங்கியது. அது அவள் தைத்தது இல்லை. காலையில் நான் தைத்தது.

மகள் மிஷினை நிறுத்திவிட்டு நின்றாள். பயம்தான், ஆனால் துண்டை அவிழ்க்கப் போகவில்லை. நான் போய் விரலை விட்டு இழுத்தேன். நூல் விட்டுக் கொடுத்தது.

திட்ட வாயைத் திறந்தேன். திட்டாமல், அந்தத் துண்டையும் பிய்க்காமல் விட்டேன். அவள் விரலும் குறடுதான் என்று நினைத்தேன். என் கடையில் வளர்ந்த விரல், வேறு எவனோ ஒருவனுடைய விமானத்துக்குப் போகப் போகிறது. அன்றைக்கு என் நாத்தனார் மீது எரிந்ததைவிட அந்த நிமிடம் அதிகமாக எரிந்தது.

"பையக் கட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"அத்தைகிட்டப் போறதுக்கு. வேற எதுக்கு? இங்க இருந்து என் சீட்டுக்கெல்லாம் கொடி கட்டிக்கிட்டு இருக்கவா?"

"நீதானம்மா ஜெயிச்ச."

"ஜெயிச்சவ சொல்றேன், போ."

பொங்கலுக்கு முன்னால் நானே ரயில் ஏற்றி விட்டேன். போய்ச் சேர்ந்து, பழகுவதற்குக் கொடுத்த நாடாவில் தைத்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நாடாவில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. பக்கத்தில் இவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், ஏதோ பதக்கம் வாங்கின மாதிரி. பின்னால் அவள் அத்தையும் சிரிக்கிறாள். என் கடையில் இரண்டு பேரும் இப்படி ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு குரல் பதிந்து அனுப்பினேன்.

"மூணாவது வரிசை கோணல்."

உடனே பதில் வந்தது. "தெரியும்மா. அதுக்குத்தான் சிவப்பு. நீ தச்சதுல கட்டினேனே, அதப் பிரிச்சுத் தச்சியா இல்லையா?"

தைத்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.