உட்காராதவர்

மலேசியாவின் கோல சிலாங்கூர் கிளினிக்கில் அவர் உட்காரவே இல்லை. செம்பனைக் குலை வெட்டியே இடுப்பு போனவர். நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்; பார்த்த எனக்கே கால் குடைந்தது.

நானும் முதுகுவலிக்காரிதான். நாள்பட்ட வலிக்காரர்களின் குணத்தையும் மனநிலையையும் அறியும் கேள்விகள் மலாய் மொழியில் இருந்ததால், அவருக்குத் தமிழில் சொல்லும்படி தாதி என்னைக் கேட்டாள்.

“அண்ணே, சின்ன விஷயத்துக்கும் கவலப்படுற ஆளா நீங்க?”

“சே, இல்ல.”

“நல்லா தூங்குறீங்களா?”

“ஜம்முனு தூங்குவேன் லா.”

நடந்தபடியே, தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் மண்டோர் முன்னால் நிற்பதுபோல உடம்பை விறைத்துக்கொண்டு பதில் சொன்னார். அங்கே உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்கு வேலை கிடையாது.

எனக்கு எரிச்சல் வந்தது. “இப்படிச் சொன்னா ஒன்னுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கண்ணே. நெசத்தச் சொல்லுங்க.”

முதல்முறையாக நடப்பதை நிறுத்தினார். கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மொதல்ல இந்தப் பரீட்சைய பாஸ் பண்ணிக்கிறேன் தங்கச்சி. வலியப் பத்தி அப்புறமா சொல்லிக்கிறேன்.”

தாதி கூப்பிட்டாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக டாக்டர் அறைக்குள் போனார். அங்கேயாவது உட்கார்ந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.