நாய் கடித்த கவலை

எங்கள் ஊரில் கவலை இல்லாத வீடு என்றால் ஏழை வீடு என்று அர்த்தம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "வீட்டுல எத்தினி கவலை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்று என்றால் சுமார். இரண்டு என்றால் பெரிய இடம். பட்டணத்திலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் குழம்பிப்போனாராம். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற ஏற்பாட்டுக்குத்தான் ஆம்பூர்ப் பக்கம் கவலை என்று பெயர். மனசில் இருக்கிற கவலையும் எங்களுக்கு உண்டு. அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கவலையை ஓட்டியவள் அத்தை. என் அப்பாவுக்கு மூத்தவள். தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நான் அப்போது கைக்குழந்தை. அழுது முடித்த மூன்றாம் மாசம் அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மாட்டைப் பூட்டினாள். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்த வேண்டும். அப்போதுதான் தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும். பொம்பளை வடத்தில் உட்கார்ந்தால் கிணறு வற்றிவிடும் என்று ஊரே சொன்னது. கிணறு வற்றவில்லை. அத்தையும் இறங்கவில்லை. என் அத்தை மாதிரி கவலை ஓட்டியவள் வேலூர் வரைக்கும் கிடையாது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

கிணறு எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. நாலு நாள் அவர் முறை, நாலு நாள் எங்கள் முறை. பொம்பளை விவசாயம் நிலத்துக்கே அவமானம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் மழை பொய்த்ததும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, "இந்த போகம் காஞ்சா நிலத்த எங்கிட்ட வுட்ரணும்" என்றார். "சரி அண்ணா" என்றாள் அத்தை. அம்மா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

கேழ்வரகு பால் பிடிக்கிற சமயம் அது. எங்கள் முறை தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது. அத்தை சாலை எடுத்துப் புங்க எண்ணெய் பூசி வெயிலில் வைத்தாள். சால் என்பது பெரிய வாளி. அதன் அடியில் யானைத் துதிக்கை மாதிரி தோலால் ஒரு வால் தொங்கும். அதன் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். "பொழுது சாயறதுக்குள்ள கொட்டாயில தூக்கி மாட்டிடு. நாய் இருக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாள்.

எனக்கு வயது ஒன்பது. அன்றைக்கென்று பார்த்துத் தெருக்கூத்துக்காரர்களின் வண்டி ஊருக்குள் வந்தது. கிரீடங்களை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். துரியோதனன் கிரீடத்தைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள் என்றால் சாலாவது, வாலாவது. இருட்டியதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்தபோது தோல் வாலில் முக்கால்வாசியை நாய் தின்று தீர்த்திருந்தது.

அத்தை சாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அழுவதற்குத் தயாராக உதட்டைப் பிதுக்கினேன். அவள் என்னைத் திட்டவில்லை. பரணிலிருந்து ஆவாரம்பட்டைக் கட்டுகளை இறக்கத் தொடங்கினாள்.

சால் தைக்கிற பெரியவர் மகளைப் பார்க்கக் கோலாருக்குப் போயிருந்தார். பெரியப்பாவிடம் கேட்டால் அவர் சாலைக் கொடுத்திருப்பார். கொடுத்த கையோடு நிலத்தையும் வாங்கியிருப்பார். மறுநாள் விடியலுக்குள் இறைக்க ஆரம்பிக்காவிட்டால் எங்கள் முறை போச்சு, கதிர் பதர், நிலம் பெரியப்பாவுக்கு. இதெல்லாம் எனக்கு அன்று அரைகுறையாகத்தான் விளங்கியது. நாய் கடித்தது வால்தானே என்று இருந்தது எனக்கு.

பெரிய கட்டு அத்தை தலையில், சின்னக் கட்டு என் தலையில். பாலாற்று மணலைத் தாண்டி ஆம்பூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வரப்பில் ஆவாரஞ்செடியை வெட்டாமல் விட்டிருக்கிறாளே என்று பெரியப்பா எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும் என்பது அத்தைக்குத் தெரியும். தோல் கிடங்கு வாசலில் நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள்.

கிடங்குக்கார சாயபு பட்டையை ஒடித்து முகர்ந்து பார்த்தார். "சரக்கு நல்லா கீதும்மா. இன்னா வேணும்?"

"எருமைத் தோலு. ஒரு முழம் அகலம், ரெண்டு முழம் நீளம்."

"பட்டை ஜாஸ்தி, கேக்கறது கம்மி. தைக்கறது யாரு?"

"நான்தான்."

சாயபு தோலோடு ஒரு குத்தூசியும், மெழுகு போட்ட நூலும் எடுத்து வைத்தார். எனக்கு ஒரு வெல்லக்கட்டி கிடைத்தது. கால் வலி அதோடு போயிற்று.

மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அத்தை தைக்கத் தொடங்கினாள். குத்தூசி இரண்டு தடவை உள்ளங்கையில் இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு மேலே தைத்தாள். விஷயம் காதில் விழுந்து பெரியப்பா வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர் வேடிக்கைக்கு.

"நம்ம ஜனத்துல எவளாவது தோலுல ஊசி போட்டிருக்காளா? தீட்டுன்னு ஒண்ணு இல்லையா?" என்றார்.

அத்தை தலையைத் தூக்கவில்லை. "இந்தத் தோலுல வர்ற தண்ணியிலதான் உன் சோறும் வேகுது அண்ணா. வாயில போறப்ப வராத தீட்டு, கையால தைக்கறப்ப எங்கிருந்து வந்துச்சி?"

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு வழியாக வந்தார். "அது கெடக்கட்டும். நல்லா இருந்த சாலு எப்பிடிக் கிழிஞ்சிச்சி?"

தப்பு யார்மேல் என்று சொல்ல அத்தைக்கு ஒரு சொல் போதும். நான் மரத்துக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நான்தான் தூக்கி மாட்ட மறந்துட்டேன். நாய் கடிச்சிடுச்சி" என்றாள் அத்தை.

"அதான பார்த்தேன்," என்றார் பெரியப்பா, கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து. "பொம்பள வெவசாயம்னா இதான். சாலைப் பத்திரமா வெக்கத் தெரியல, நெலத்த வெச்சிக் காப்பாத்துவாளாம்." இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அத்தை பல்லால் நூலை அறுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோழி கூவும்போதே மாடு பூட்டியாயிற்று. முதல் சால் மேலே வந்தபோது தையல் ஓரமாகத் தண்ணீர் பீச்சியடித்தது. அம்மா, "ஐயோ" என்றாள். பத்துச் சால் ஆவதற்குள் தோல் ஊறி உப்பித் தையலை அடைத்துக்கொண்டது. நாலு நாளும் அத்தை வடத்தைவிட்டு இறங்கவில்லை. சோற்றைக்கூட அங்கேயே வாங்கித் தின்றாள். அந்தப் போகம் கேழ்வரகால் குதிர் நிறைந்தது. பெரியப்பா அப்புறம் நிலத்துப் பேச்சே எடுக்கவில்லை. அந்தக் காணி இன்றைக்கும் எங்கள் கையில்தான் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும், இது என் அத்தை இறைத்த நிலம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

ஆனால் ஊர் வாய் இருக்கிறதே. கேழ்வரகை மறந்துவிட்டது, நாயை மறக்கவில்லை. "நாய் கடிச்ச கவலைக்காரி" என்ற பேர் அத்தைக்கு நிலைத்துவிட்டது. சந்தையில், கல்யாண வீட்டில், களத்துமேட்டில், எவனாவது ஒருவன், "இன்னா, சாலைத் தூக்கி மாட்டிட்டியா?" என்று கேட்பான். எட்டு வருஷம் ஒரு தப்பும் செய்யாமல் கவலை ஓட்டியவள். ஒரு தப்பு செய்ய மாட்டாளா என்று காத்திருந்த ஊருக்கு, செய்யாத தப்பைத் தன் வாயாலேயே கொடுத்தாள். சாகிற வரைக்கும் அதைத் திருத்தவில்லை.

அப்படி ஒவ்வொரு தடவையும் ஊர் சிரிக்கும்போது, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.